செங்கல்பட்டு வழி வேண்டாம்

எஸ்.எஸ்.எல்.சி. தேறிய கோடையில் மெட்ராஸிலிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது. அங்கே ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யூ.சி. படிக்க மனு போட்டிருந்தேன். அப்பாவையோ அம்மாவையோ அழைத்துக்கொண்டு நேரில் வந்து கல்லூரித் தலைவியைப் பார்க்கும்படி எழுதியிருந்தார்கள்.

உத்திரமேரூருக்கும் மானாம்பதிக்கும் நடுவில், ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் சேரி. என் நைனா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினார். அம்மா நாற்று நட்டாள், களை எடுத்தாள், அறுப்புக்குப் போனாள். கார்டைப் படித்துக் காட்டியபோது அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். நைனாதான் முதலில் பேசினார்.

"மெட்ராஸ் தானே? நான் கூட்டிக்கினு போறேன். எனக்குத் தெரியாத மெட்ராஸா?"

அதை யாரும் மறுக்க முடியாது. எங்கள் சேரியில் மெட்ராஸைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். நான் சின்னக் குழந்தையாக இருந்தபோது அவர் சில வருஷம் அங்கே ஹார்பரில் மூட்டை தூக்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். இடது கை சுண்டுவிரல் மடங்கியே இருக்கும். கப்பலில் இரும்புச் சங்கிலி மாட்டி நசுங்கியது என்பார். சாயங்காலம் கஞ்சி குடித்துவிட்டு ஆட்கள் கூடினால் யாராவது அவரிடம் மெட்ராஸைப் பற்றிக் கேட்பார்கள். சென்ட்ரல் ஸ்டேஷன் கடிகாரம், மூர் மார்க்கெட்டில் கிளி விற்பவன், மணியை அடித்துக்கொண்டு தண்டவாளத்தில் ஊர்ந்து வரும் டிராம் வண்டி, மழை வந்தால் அதற்குள் ஓடி ஏறுகிற மீன்காரிகள் என்று சொல்லிக்கொண்டே போவார். கேட்கிறவர்கள் வாயைத் திறந்தபடி இருப்பார்கள். நானும்தான்.

கார்டு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை. எனக்கு எந்தத் தாவணி, நைனாவுக்கு யார் சட்டை, கட்டுச்சோறு புளிச்சோறா எலுமிச்சைச் சோறா என்று பேசினோம். செருப்பு போட்டுக்கொண்டு போவதா, போடாமல் போவதா என்றுகூடப் பேசினோம். காலேஜ் வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்களோ என்று அம்மாவுக்குச் சந்தேகம். "சர்ச்சா அது, கழட்டச் சொல்றதுக்கு?" என்றார் நைனா. ஆனால் அவருக்கும் நிச்சயமில்லை என்று முகத்தில் தெரிந்தது.

வேறு ஊரில் லாரி கிளீனராக இருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு நாள் மத்தியானம் வந்தார். எங்கள் திட்டத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"இன்னா மச்சான் நீ! உத்திரமேரூர்ல பஸ் ஏறுனா செங்கல்பட்டு. அங்க ரயிலு நிக்குது. ஏறிக் குந்துனா எழும்பூரு. அத வுட்டுட்டு எதுக்குக் காஞ்சிபுரம் சுத்திக்கினு போற?"

"எனக்கு ரயிலு ஒத்துக்காது" என்றார் நைனா. "காஞ்சிபுரத்துல பஸ் ஏறுனா பாரீஸ் கார்னர்ல எறக்கி வுட்டுடுவான். அங்கேருந்து டிராமு."

"பொண்ணுக்கு பஸ்ஸு ஒத்துக்காதே. உத்திரமேரூர் வரத்துக்குள்ளயே வாந்தி எடுக்குது. ரயில்ல போனா தேவலாம். செங்கல்பட்டு வழியாவே போங்க. நானே வந்து ஏத்தி வுடறேன்."

"வேணாம்."

"ஏன் வேணாம்ன்றேன்? செங்கல்பட்டுல இன்னா கீது, புலியா கீது?"

நைனா கையில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. அதைச் சுவரில் வீசி அடித்தார். மண்சுவரில் பட்டுத் தெறித்து அது என் காலடியில் வந்து உருண்டது.

"செங்கல்பட்டு பேரு எடுத்தீன்னா பொண்ணு படிக்கவே வேணாம்! வூட்லயே கெடக்கட்டும்!"

என் தந்தை மாட்டைக்கூட அதட்டாதவர். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததற்காக நிலத்துக்காரரிடம் ஏச்சு வாங்கியும் வாய் திறக்காதவர். அவரா படிப்பே வேண்டாம் என்கிறார்? மாமா எழுந்து வெளியே போனார். அம்மா குனிந்து சொம்பை எடுத்தாள். நெளிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"அவுரு சொல்ற மாரியே போவட்டும்" என்றாள்.

புறப்பட்ட அன்று விடிவதற்குள் உத்திரமேரூர் வந்துவிட்டோம். காஞ்சிபுரம் பஸ் நின்றிருந்தது. ஆனால் முன்சக்கரம் இரண்டையும் கழற்றி மரக்கட்டை கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். டிரைவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். மத்தியானத்துக்கு முன்னால் கிளம்பாது என்றார் கண்டக்டர். எதிர்ப்பக்கம் செங்கல்பட்டு பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

நைனா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நாளைக்குப் போனா ஒத்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"இன்னிக்குத்தான் நைனா வரச் சொல்லிக்கீறாங்க. நாளைக்குப் போனா எடம் போயிடும்."

அவர் தோளில் இருந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டு முகத்தை மூடிக்கொண்டு செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறினார். வழி முழுக்க அந்தத் துண்டு விலகவில்லை. குளிர்கிறதா என்று கேட்டேன். ஆனி மாதம் அது. ஆமாம் என்றார்.

செங்கல்பட்டு ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு வேப்பமரத்தை ஒட்டித் திரும்பி நின்றார். நான் மூட்டையை அணைத்துக்கொண்டு ரயில் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டேய் உத்திரமேரூரு!"

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தத்தித் தத்தி வந்தார். இரண்டு காலிலும் கட்டு. மூக்கு உள்ளே அமுங்கியிருந்தது. விரித்து நீட்டிய கைகளில் விரல்கள் இல்லை. பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். எங்கள் பக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த அம்மாள் பெட்டியை விட்டுவிட்டே ஓடினாள்.

"நடையப் பாத்தே கண்டுபுடிச்சிட்டேன்டா! துண்டைப் போட்டு மூடிக்கினா தெரியாதா?"

நைனா அசையவில்லை. தெரியாது போ என்று சொல்லிவிடுவார் என்றுதான் நான் காத்திருந்தேன். அவர் துண்டை எடுத்தார். இரண்டு எட்டில் போய் அந்த மனிதரைக் கட்டிக்கொண்டார்.

"கண்டக்டரே" என்றார். "உயிரோட கீறியா கண்டக்டரே!"

விரலில்லாத கைகள் என் நைனாவின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தன. செங்கல்பட்டுக்கு வெளியே குஷ்ட நோயாளிகளுக்கென்று பெரிய ஆஸ்பத்திரி இருப்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். பிடிவாதம் பிடிக்கிற பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்றுதான் பயமுறுத்துவார்கள்.

"எம் பொண்ணு. காலேஜ் படிக்கப் போவுது மெட்ராசுக்கு" என்றார் நைனா.

அந்த மனிதர் என்னிடம் நெருங்கவில்லை. ரயில் வந்ததும் தள்ளி நின்றே கத்தினார். "டிராம் கிராம்னு தேடாதடா! டிராமையெல்லாம் எப்பவோ எடுத்துட்டான்! பஸ்ல போ!"

வண்டி நகர்ந்தது. எங்கள் பலகையில் வேறு யாரும் உட்காரவில்லை. பார்த்தவர்கள் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்கள். நான் நைனாவின் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவரும் கவனித்தார்.

"சங்கிலி இல்ல" என்றார். "அந்த நோவுதான். ஒனக்கு நாலு வயசு. முதுகுல தேமல் மாரி வந்துச்சு. கிள்ளுனா தெரியல. அப்பால வெரலு மடங்கிடுச்சு. ஊருல தெரிஞ்சா ஒங்க ரெண்டு பேரையும் சேத்துத் தொரத்திடுவாங்கன்னு ஹார்பர் வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்க ஆஸ்பத்திரில வந்து சேந்தேன். புதுசா மாத்திரை வந்துச்சு. ஆயிடுச்சு. இப்ப ஒண்ணும் இல்ல. டாக்டரு தொட்டுப் பாத்து, வூட்டுக்குப் போடான்னு அனுப்பிச்சாரு."

"அப்போ ஹார்பரு?"

"நான் ஹார்பரப் பாத்ததே இல்ல, கண்ணு."

"மெட்ராஸு?"

"இன்னிக்குத்தான் மொத மொதல்ல போறேன்."

அந்த நிமிஷத்தில் எது அதிகமாக என்னை உலுக்கியது என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷம் நோய்க்காரர் மடியில் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்பதா, மெட்ராஸ் தெரியாத ஒருவரை நம்பி மெட்ராஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்பதா? சென்ட்ரல் கடிகாரமும் மூர் மார்க்கெட் கிளியும் அந்த மனிதர் சொன்னவை. மெட்ராஸில் டிராம் கண்டக்டராக இருந்தவராம். ஆஸ்பத்திரியில் நைனாவுக்குப் பக்கத்துப் படுக்கை. வீட்டார் திரும்பச் சேர்த்துக்கொள்ளாததால் குணமான பிறகும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே தறி நெய்துகொண்டு தங்கிவிட்டாராம்.

தாம்பரத்தில் எலெக்ட்ரிக் வண்டி மாறினோம். எழும்பூரில் வெளியே வந்ததும் நைனா நின்றுவிட்டார். ரிக்‌ஷாக்காரர்கள் நாலு பக்கமும் கையைப் பிடித்து இழுத்தார்கள். பஸ்கள் ஒன்றை ஒன்று முட்டுவதுபோல் வந்து விலகின. நான் பார்த்த ஜனத்தையெல்லாம் சேர்த்தாலும் அந்த வாசலில் நின்ற கூட்டத்துக்கு ஆகாது. அவர் என் கையைப் பிடித்தார். எனக்குத் தைரியம் சொல்வதற்காக அல்ல. அவருக்குத்தான் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருந்தது. சற்று முன்வரை அந்தக் கையைத் தொட முடியுமா என்று பயந்துகொண்டிருந்தவள், கூட்டத்தில் அது நழுவிவிடுமோ என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு போலீஸ்காரரைக் கேட்டு, பஸ் ஏறி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

தலைவி வயதான அம்மாள். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துத் தமிழிலேயே பேசினார். மார்க்கைப் பார்த்தார். அப்பாவுக்கு என்ன வேலை என்றார். கூலி என்றேன். கதவோரம் நின்ற நைனாவைப் பார்த்து, "உங்களுக்கு மெட்ராஸ் பழக்கம் உண்டா? பெண்ணைப் பார்க்க வந்துபோவீர்களா?" என்று கேட்டார்.

ஹார்பர் கதை வருமோ என்று நான் நைனாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"இல்லீங்கம்மா. இதான் மொதல் தடவ. ஒண்ணுமே தெரியல" என்றார் நைனா. "ஆனா வருவேன்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். விடுதியிலும் இடம் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் இடம் கிடைத்ததைச் சொன்னேன். நைனா மாடு கட்டப் போயிருந்த நேரம் பார்த்து, செங்கல்பட்டு வழியாகத்தான் போனோம் என்றும் சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"யாரப் பாத்தீங்க?"

"உனக்குத் தெரியுமா?"

"முதுகு தேச்சு வுடறவளுக்குத் தெரியாதா? அவுருக்கு முந்தியே எனக்குத் தெரியும். ஹார்பருன்னாரு. சரின்னேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவுரு திரும்பி வந்திருக்க மாட்டாரு."

சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்க்கும்போது அம்மா ஒரு கோழி இறகால் என் முதுகில் அங்கங்கே தொட்டு, "எங்க தொட்டேன் சொல்லு?" என்று கேட்பாள். நான் பெரியவளாகும் வரை கேட்டாள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறேன். அடுப்பங்கரையில் அது நினைவுக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். அம்மா கஞ்சியை ஊற்றிக் கொடுத்தாள்.

கல்லூரியில் சேரப் போகும்போது அம்மாவும் கூட வந்தாள். எந்த வழி என்ற பேச்சே எழவில்லை. செங்கல்பட்டு பிளாட்பாரத்தில் அந்த மனிதர் காத்திருந்தார். நைனா எப்படியோ சொல்லி அனுப்பியிருக்கிறார். அம்மா மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நேராக அவர் எதிரில் போய் நின்றாள். அவர்தான் முதலில் பேசினார்.

"இன்னாம்மா, கோடி வூட்டு முருங்கமரம் இன்னும் கீதா? ஏரி மதகாண்ட பாறையில வழுக்கி வுழுந்தியே, அந்தக் கால் வலி போயிடுச்சா?"

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். நைனா வேறு பக்கம் பார்த்தார். ஆஸ்பத்திரியில் அவர் மெட்ராஸைச் சொல்ல, நைனா எங்கள் சேரியைச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டுக் கூரை எந்தப் பக்கம் ஒழுகும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது.

"மரம் காத்துல சாஞ்சிடுச்சுண்ணா" என்றாள் அம்மா. "வேர்ல தழைஞ்சிக்கினு வருது."

அவர் இன்னொன்று கேட்டார். அம்மா அதற்கும் பதில் சொன்னாள். ரயில் வந்து நின்ற பிறகும் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நைனாதான் அவள் கையைப் பிடித்து இழுத்து ஏற்ற வேண்டியிருந்தது.