மழைக்கு உத்தரவு கொடுத்தது யார்?

எலிசாளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது; முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவாள். அவள் ஊர் அமரவிளைக்காரர்களுக்கு அது போதும், விலகிவிடுவார்கள். எண்பத்து மூன்றாம் ஆண்டு கோடையில் திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ்ஸை விட்டு அவள் செருகிய முந்தானையோடுதான் இறங்கினாள்.

நெய்யாற்றங்கரையில் அவளுக்கும் கணவன் தாசையனுக்கும் ஒரு செங்கல் சூளை. இருபது வருஷமாக அவன் மண் மிதிப்பான், அவள் அச்சில் அடித்துக் களத்தில் காயவைப்பாள். அதற்குக் கோடை ஒன்றுதான் கிடைக்கும். ஊர்க்கிணறெல்லாம் வற்றிய அந்தக் கோடையில், சுடாத பச்சைக்கல் நன்றாகக் காய்ந்து, சூளையில் அடுக்க இரண்டே நாள் பாக்கி. அப்போது பார்த்து ஒரு பிளேன் வந்து மேகத்தில் மருந்து தூவிவிட்டுப் போனது. அடித்த மழையில் அத்தனை கல்லும் கரைந்து சேறு. தாசையன் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். வருஷத்துக் கஞ்சி போயிற்று.

எலிசாள் அழவில்லை. மறுநாள் பேப்பரில் ஓர் அதிகாரி குடை பிடித்துச் சிரிக்கிற படம். செயற்கை மழை வெற்றியாம். வெற்றியாம்!

கரைந்த கல்லுக்கு ஈடு வேண்டும், இனி தூவும் முன்னால் ஊருக்குச் சொல்லவேண்டும் என்று மனு எழுதவைத்தாள். சபையில் சாட்சி சொல்லிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? உண்மையில்தான் தொடங்கவேண்டும் என்று, 'எங்கள் சபையும் மழைக்காக உபவாசமிருந்து ஜெபித்தது' என்பதை முதல் வரியாகப் போடச் சொன்னாள்.

பிளேன் எங்களுடையதல்ல என்றது ஓர் ஆபீஸ். மருந்து எங்களுடையதல்ல என்றது இன்னொன்று. மூன்றாவதில், படத்தில் குடை பிடித்த அதே அதிகாரி, தாணுமாலயன், உட்கார்ந்திருந்தார்.

"எங்களாலதான் மழை பெஞ்சுதுன்னு எப்படிப் பறய முடியும்? தானாட்டும் பெஞ்சிருக்கலாமல்லோ."

"பேப்பர்ல நீங்கதான சாரே பெய்ய வச்சிய?"

அவர் மனுவின் முதல் வரியில் விரலை வைத்தார். "நீங்களே எழுதித் தந்திருக்கிய, ஜெபிச்சோம்னு. உங்க ஜெபத்துக்குக் கிடைச்ச மழைக்குச் சர்க்கார் என்ன செய்யும்?"

கிளார்க்குகள் சிரித்தார்கள். பாவிகள், ஒருவன் கூட வாயை மூடவில்லை.

"ஆமா, ஜெபிச்சேன்," என்றாள் எலிசாள். "உபவாசத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே போதகர் அறிவிப்பு வாசிச்சாரு. உபவாசத்தன்னைக்கு எங்க சபைக் கோயில் மணியும் அடிச்சுது. மழை வரும்னு நம்பி, ஒரு கல்லு விடாம ஓலை போட்டு மூடிட்டுத்தான் முட்டுக்குத்தி ஜெபிக்கப் போனேன். பக்கத்துச் சூளை மைதீனும் எங்க மணிச் சத்தம் கேட்டு மூடினான். அன்னைக்கு மழை வரல்லன்னு பிறவு வெயிலுக்குத் திறந்து போட்டோம். நீங்க யாருகிட்டச் சொன்னிய?"

சிரிப்பு நின்றது. தாணுமாலயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படிச் சொல்லணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல."

"அதை எழுதித் தாங்க. வானத்துல மருந்து தூவ யாருகிட்டயும் கேக்கண்டாம், யாருகிட்டயும் சொல்லண்டாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. நான் போறேன்."

அவர் எழுதவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை. நாலு நாள் காலையில் வந்து, ஆபீஸ் பூட்டும்வரை அதே பெஞ்சில் இருந்தாள். நாலாம் நாள் டைப் அடித்த கடிதம் ஒன்று கைக்கு வந்தது. ஈடு கிடையாது, இனி எல்லாம் விதிகளின்படி நடக்கும்.

"எந்த விதி சாரே?"

"இனிமேதான் உண்டாக்கணும்."

அந்த வருஷம் முழுக்கத் தாசையன் விழிஞ்ஞம் கடற்கரையில் பாறைக்கல் சுமந்தான். எலிசாள் மாதம் ஒருமுறை பஸ் ஏறி, விதி எழுதியாச்சா என்று கேட்டுவிட்டு வந்தாள். ஃபைல் மேலே போயிருக்கிறது என்பார்கள். எந்த மேலே என்று யாரும் சொன்னதில்லை.

அடுத்த கோடையில், களத்தில் பச்சைக்கல் காய்ந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், மைதீன் வரப்பில் ஓடிவந்தான்.

"எலிசாளக்கா, விதி வந்துட்டுதா?"

எலிசாள் அண்ணாந்து பார்த்துவிட்டு ஓலையை இழுத்தாள்.

"இல்ல மைதீனே. பிளேன்தான் வந்திருக்கு."