சிநேகிதியின் முதல் விருப்பம்

நான்கு வருடங்களுக்கு முன், ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வந்து எல்லாரும் பல்கலைக்கழக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த நாள்களில் இது நடந்தது. எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில். வகுப்பில் வீட்டிலேயே கணினி வைத்திருந்த சிலரில் நானும் ஒருத்தி. பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை ஏ.எல். படிக்கத் தொடங்கிய நாளிலிருந்தே கரைத்துக் குடித்திருந்தேன். போன முறை எங்கள் மாவட்டத்தில் எந்தப் படிப்புக்கு எந்தப் புள்ளி வரை எடுத்தார்கள் என்று கேட்டால், புத்தகம் பார்க்காமலே சொல்வேன். அதனால் விண்ணப்பம் நிரப்ப என்னிடம்தான் வருவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

என் நெருங்கிய சிநேகிதி பக்கத்து ஊரான சல்லியிலிருந்து சைக்கிளில் வந்தாள். அவளுடைய அப்பா கடற்தொழில் செய்பவர். அம்மாவுக்கு அதற்கும் இரண்டு வருடங்களுக்கு முன் வாதம் வந்து வலது பக்கம் விழுந்திருந்தது. அம்மாவைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடம் வருவாள். அப்படியிருந்தும் என்னை விட நல்ல புள்ளி.

கொப்பித் தாளில் விருப்ப ஒழுங்கை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். முதலாவதாக இருந்தது சித்த மருத்துவம்; எங்கள் ஊர் வளாகத்திலேயே படிக்கலாம். கண்டிப் பக்கத்து விவசாய பீடம் நான்காவதாக இருந்தது. எனக்கு மனம் பொறுக்கவில்லை. அம்மாவை விட்டுப் போகப் பயந்துதான் இவள் இப்படி எழுதியிருக்கிறாள், இந்தப் புள்ளிக்கு வெளியே போய்ப் படிக்க வேண்டியவள் என்று நானே தீர்மானித்துவிட்டேன். அவள் குசினியில் என் அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்த நேரம் விவசாயத்தை முதலாவதாகவும் சித்த மருத்துவத்தை நான்காவதாகவும் மாற்றிவிட்டேன். மேலே இருப்பது கிடைத்தால், கீழே இருப்பதைத் தரமாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

தேநீர்க் கோப்பையோடு வந்தவளிடம், "ஒருக்காப் பார்" என்று திரையைக் காட்டினேன்.

"நீ பாத்தாச் சரி," என்றாள். பார்க்கவேயில்லை.

இறுதியாக அனுப்புவதற்கு முன் ஒரு பிரதி எடுத்துத் தன்னிடம் காட்டச் சொல்லியிருந்தார் எங்கள் உயிரியல் டீச்சர். அடுத்த நாள் இருவரும் போனோம். டீச்சர் அவளுடைய தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன பிள்ளை, கண்டிக்கோ போகப் போறீர்? சித்த மருத்துவம் எண்டெல்லோ நெடுகச் சொல்லிக்கொண்டிருந்தனீர்?"

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என் தாளை மடிக்கத் தொடங்கினேன்.

"பிழையாப் போட்டிட்டன் டீச்சர். திருத்திக்கொண்டு வாறன்," என்றாள் அவள்.

வெளியே வந்து சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்துக்குப் போனோம். பூட்டைத் திறந்துகொண்டே அவள் கேட்டாள்.

"ஏன் மாத்தினனீ?"

"உன்ர நல்லதுக்குத்தான். அம்மாவுக்காக நீ இஞ்ச கிடக்கக் கூடாது."

"அம்மாவுக்காக எண்டு நான் உனக்குச் சொன்னனானா?" அவள் குரல் உயரவில்லை. "சித்த வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் போய்த்தான் அம்மா இப்ப கோப்பை பிடிக்கிறா. அந்த டொக்டர் அம்மான்ர கையைப் பிடிச்சுப் பாக்கிறதைப் பாத்து, நானும் அப்பிடி வரோணும் எண்டு நினைச்சனான். எனக்கு விருப்பம். நீ ஒருக்காவாவது கேட்டனியா?"

கேட்கவில்லை. அவளுடைய உயிரியல் கொப்பியின் பின்பக்கங்களில் மூலிகைப் பெயர்கள் எழுதியிருந்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அது என்ன என்று கூடக் கேட்டதில்லை. "மன்னிச்சுக்கொள்" என்று சொன்னேன். அவள் சைக்கிளில் ஏறினாள். நேரே என் வீட்டுக்கு வந்து, கணினி முன் கதிரையில் தானே இருந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு படிப்பின் இலக்கத்தையும் தட்டி விண்ணப்பத்தைத் திருத்தினாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் உதவி கேட்கவில்லை. அனுப்பி முடித்ததும் என் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு மேல் என்னோடு கதைக்கவில்லை.

அவள் விரும்பியதே கிடைத்தது. இப்போது வெள்ளைக் கோட்டோடு பயிற்சிக்குப் போகிறாள். விவசாயம் கிடைத்தது எனக்குத்தான். என்னுடைய பட்டியலை விருப்பத்தைப் பார்த்தல்ல, புள்ளியைப் பார்த்தே போட்டிருந்தேன். படிப்பு மோசமில்லை, ஆனால் அவள் தன் பாடத்தைப் பற்றிக் கதைக்கும்போது முகத்தில் வரும் வெளிச்சம் எனக்கு வருவதில்லை. நாங்கள் இன்றும் சிநேகிதிகள்தான். ஆனால் புலமைப்பரிசில் படிவமோ, வங்கிப் படிவமோ, எதையும் அவள் என்னிடம் நிரப்பத் தந்ததில்லை. நானும் கேட்பதில்லை.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஏ.எல். முடித்த பிள்ளைகள் இப்போதும் கைநூலோடு வருவார்கள். புள்ளி விவரம் சொல்வேன், தட்டச்சை அவர்களிடமே விட்டுவிடுவேன். டீச்சர் அன்று அந்த ஒரு வரியை வாசிக்காமல் விட்டிருந்தால், நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டே ஒருத்தியின் வாழ்க்கையை மாற்றிவிட்டு, அது தெரியாமலே இருந்திருப்பேன் என்ற நினைப்புத்தான் இன்றைக்கும் என்னைப் பயமுறுத்துகிறது.