கோயில் மான்களின் வம்சம்

முன்னங்கால்கள் இரண்டும் உள்ளே மடங்கிப் பிறந்த அந்தப் புள்ளிமான் குட்டியை நான்தான் சாக்கில் தூக்கி வந்தேன். தேவிகாபுரத்தை அடுத்த குன்றில் ஒதுங்கிப்போன சிறு கூட்டம் அது. சுற்றிலும் வயலும் சாலையும் வந்துவிட்டதால் அவை தங்களுக்குள்ளேயே இணைசேர்ந்துகொண்டிருந்தன. கால்நடை டாக்டரம்மா அதோடு இன்னும் சில மான்களின் ரத்தத்தையும் சோதனைக்கு அனுப்பினார். முடிவைப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே குடும்பமா ஆயிடுச்சுங்க. ஜவ்வாது மலைலேர்ந்து நாலு மானாவது கொண்டாந்து விடணும், இல்லன்னா மிஞ்சாது" என்றார். எங்கள் மான் பாதுகாப்புத் திட்டத்தின் தலைவர் தலையாட்டினார். தலையாட்டுவது மட்டும் அவருக்கு நன்றாக வரும்.

ஊராரின் விருப்பத்தையும் கேட்டு எழுதவேண்டும் என்பது விதி. திட்டத்தின் எழுத்தரான நான் குன்றை ஒட்டிய காலனியில் வீடு வீடாகப் போனேன். நான் பிறந்த காலனிதான். கோடையில் மான்களுக்குத் தொட்டியில் தண்ணீர் ஊற்றியவர்கள் அங்கிருந்தவர்களே. கூலிவேலைக்குப் போகும் ஓர் அம்மா, "மலை மான் வந்தா இன்னாப்பா? குட்டிங்கோ செத்துகினே கீது. ஜல்தியா கொண்டாரச் சொல்லு" என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன்.

தலைவர் ஊராரின் விருப்பத்தை ஆரணியில் ஒரு பட்டு முதலாளியின் கூடத்தில் உட்கார்ந்து கேட்டார்; குறிப்பெடுக்க நானும் போயிருந்தேன். பக்கோடா வந்தது. எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி, ஊரில் எனக்கு எந்தப் பக்கம் என்று விசாரித்து முடித்தபின் எனக்கு மட்டும் காகிதக் கப்பில். "இது கோயில் மானுங்க. எங்கியோ திரிஞ்ச மானோட ரத்தம் இதுல கலக்க வாணாம். கலந்தா வம்சமே போயிடும்" என்றார் முதலாளி. அந்த மான்களுக்கும் எந்தக் கோயிலுக்கும் சம்பந்தமில்லை. கலக்காததால்தான் வம்சம் போய்க்கொண்டிருந்தது. முனைவர் பட்டம் வாங்கிய தலைவருக்கு இது தெரியாதா? "நீங்க சொல்றதுதாங்க சமூக விழுமியம்" என்று சொல்லி இன்னொரு பக்கோடாவை எடுத்தார்.

மலை மான் வேண்டாம் என்ற முடிவுக்கு டாக்டரம்மா எழுத்தில் மறுப்புக் கொடுத்தார். அவரை வேறு ஊருக்கு அனுப்பினார்கள். என் தாள்களைத் தலைவர், "இதெல்லாம் பேஜாருப்பா" என்று மேசையோரம் தள்ளினார். உள்ளூர் மக்கள் ஒருமனதாக எதிர்த்தனர் என்று அறிக்கை போனது.

இப்போது அந்தக் குன்றில் மான் இல்லை. தலைவர் கல்லூரி கல்லூரியாகப் போய், மக்களின் குரலை மதிப்பது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். போன மாதம் அப்படியொரு கூட்டத்தில் எழுந்து, அந்த அம்மா சொன்னதை வாசித்தேன், அறிக்கையில் வந்த பொய்யையும் சொன்னேன். நேரமில்லை என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே ஒரு மாணவி என்னிடம் வந்து, "அந்த அறிக்கைய யாருங்க டைப் பண்ணது?" என்று கேட்டாள்.

"அவர் சொன்னார். நான்தான் அடிச்சேன்."

மேடையிலிருந்தவரை அவள் எப்படிப் பார்த்தாளோ, என்னையும் அப்படியே பார்த்துவிட்டு நகர்ந்தாள்.