கணக்கில் வராத ஐம்பது நிமிடம்

அத்தான் கிளம்பிய நாள் செவ்வாய்க்கிழமை. வெகுநாள் ஊர் சுற்றிவிட்டு நான் அக்கா வீட்டுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வாசலில் நின்று அத்தான், "லீவுப் பாரத்துல வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டு உன் ஆபீஸ்ல கொடுத்துடு. இந்தத் தடவையாவது நான் வேலை பாக்கற ஊருக்கு வந்துடு," என்றார்.

அக்கா, "ப்ளேனை ஒன்பது பத்துக்குத்தானே எடுக்கறான்?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். வண்டிகள் கிளம்பும் நேரத்தையும் வந்து சேரும் நேரத்தையும் குறித்துக்கொள்வது வேலை. தாமதமாக வரும் ஓட்டுநரின் முகத்தைப் பார்க்க மாட்டாள், டயரைப் பார்ப்பாள். "தார் ரோட்டுல ஏதுய்யா இவ்வளவு சேறு? மாமியார் வீட்டுக்குப் போயிட்டு வந்தியா?" பணிமனையில் அவளுக்குப் பெயர் 'ஸ்கேன் மெஷின்'.

அத்தான் மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்ப்பவர். வேலை, மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு நகரத்தில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார்.

மதியம் அவர் கூப்பிட்டு, "இப்பத்தான் இறங்கினேன்," என்றார். அக்கா போனை வைத்துவிட்டு ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் போட்டாள். ஏழு பயணங்கள். வரும்போது நாலு மணி நேரம். போகும்போது நாலு ஐம்பது. கடிகார வித்தியாசத்தையும் கழித்திருந்தாள்.

"வர்றப்ப ஏர்போர்ட்ல நான் நிக்கறேன், நேரம் சரியா இருக்கு. போறப்ப யார் பாக்கறா? இறங்கி அம்பது நிமிஷம் கழிச்சுத்தான் எனக்கு போன் வருது."

"அந்தப் பக்கம் போறப்ப எப்பவும் எதிர்க்காத்து, அக்கா. நான் எத்தனை தடவை பறந்திருக்கேன்."

"காத்து அடிச்சுதுன்னு ஒரு டிரைவர் என்கிட்ட சொல்லட்டும், அன்னிக்கே மெமோ."

விமான நிறுவனத்தின் கால அட்டவணையைக் காட்டினேன். அதிலும் போக நாலு ஐம்பது. அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "டைம் டேபிள் போடறவங்க லட்சணம் எனக்குத் தெரியாதா? லேட்டுன்னு யாரும் சொல்லக்கூடாதுன்னு நாங்களே கூடச் சேர்த்துத்தான் போடுவோம். நீ அவருக்கு வக்காலத்து வாங்காதே."

வியாழக்கிழமை போனில் அவரிடமே கேட்டுவிட்டாள். "இறங்கினதும் யாரைப் பாக்கப் போறீங்க?"

அத்தான் சிரித்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

"சிரிச்சு மழுப்பற எவனையும் நான் விட்டதில்ல," என்றாள் என்னிடம். அத்தான் கிளம்பும்போது அவர் பெட்டியில் மேலாக ஒரு புதுச் சட்டை இருந்தது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. காற்றைப் பற்றி எனக்குத் தெரியும். சட்டையைப் பற்றித் தெரியாது.

வெள்ளிக்கிழமை போயிற்று. லீவுப் பாரம் சமையலறையில் உப்பு ஜாடிக்கு அடியில், கையெழுத்தில்லாமல், ஈரம் பட்டுச் சுருண்டது. அடுத்த வாரம் நான் மறுபடி ஊர் சுற்றக் கிளம்பினேன். மறு வருடமும் லீவுப் பாரம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை.

பதினாலு மாதம் கழித்து, ஏதோ ஒரு விடுதி அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து செய்தி வந்தது.

"ஒன்பது பதினாலுக்கு எடுத்தான். நாலு மணி நாப்பத்தெட்டு நிமிஷம். ஜன்னல் சீட்டு, கண்ணை மூடல. வழியில எங்கயும் நிக்கல. இறங்கிட்டேன். உங்க அத்தான்கிட்ட இன்னும் சொல்லல."