எதிர் அறைக்காரர்

மேசையில் மிளகுத்தூள் டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் கௌரிசங்கர் கதையை ஆரம்பிப்பார். டப்பாதான் லிஃப்ட். ஊறுகாய் பாட்டில் அவர் தங்கியிருந்த அறை. இரண்டு கரண்டிகளை இணையாக வைத்தால் ஹோட்டல் நடைபாதை. விருந்துக்கு வந்த யாராவது அதில் ஒரு கரண்டியை எடுத்துத் தயிர் போட்டுக்கொண்டால் அவர் முகம் சுருங்கிவிடும். "சார், அது காரிடார் சார். அங்கயே வெச்சிடுங்க" என்பார்.

மெல்பர்னின் மல்கிரேவில் எங்கள் தெருமுனை வீடு அவருடையது. ஐம்பதை நெருங்கும் வயது. மென்பொருள் கம்பெனி ஒன்றில் ப்ராஜெக்ட் மேனேஜர். வேலை நிமித்தம் அடிக்கடி சிட்னிக்குப் போவார். ஹோம்புஷ் பக்கம் ஒரே ஹோட்டலில்தான் தங்குவார். நடக்கிற தூரத்தில் நல்ல தோசை கிடைக்கிறது என்பது காரணம். தங்குவதிலும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. படுக்கை விரிப்பைச் சொந்தமாகக் கொண்டுபோவார். பெட்டிக்குள் சின்னதாக ஒரு ரைஸ் குக்கர் இருக்கும். ஆவி பட்டு அலாரம் அடித்துவிடக் கூடாது என்று அதைக் குளியலறைக்குள் வைத்து, கதவைச் சாத்திச் சாதம் வைப்பார். அறைக்குள் நுழைந்ததும் சங்கிலியை மாட்டி, நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார். "ஆஸ்திரேலியா சேஃபான ஊருதான். ஆனா ஊருக்குள்ள மனுஷங்க இருக்காங்களே" என்பது அவருடைய விளக்கம்.

மனிதர்களை அவர் பார்க்காமல் இருப்பவரும் அல்ல. சாலையில் விபத்து என்றால் காரை மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கி, அடிபட்டது யார், ரத்தம் எவ்வளவு என்று தீரப் பார்ப்பார். நிறுத்த மாட்டார். வீடு வந்ததும் வாட்ஸ்அப் குழுவில் முதல் செய்தி அவருடையதாக இருக்கும்.

அந்த ஹோட்டல் கதைதான் அவருடைய சொத்து. எத்தனையோ மேசைகளில் அதைக் கேட்டிருக்கிறேன். காலை நேரம், அறைகளைக் காலி செய்யும் வேளை. எதிர் அறையில் தங்கியிருந்த ஒரு தடியன், தன் கைக்கடிகாரத்தைக் காணவில்லை என்று அறை துப்புரவு செய்யும் ஊழியரின் சட்டையைப் பிடிக்கிறான். ஊழியர் நம் ஆள், தமிழர். "சார், ஐ நோ டேக்" என்று கும்பிடுகிறார். தடியன் அவரைச் சுவரோடு வைத்து அறைகிறான். இரண்டாவது அடிக்கு ஊழியர் அந்தக் கையைத் தட்டிவிட, தடியன் நிலை தவறித் துணி அள்ளும் வண்டியின் விளிம்பில் முகம் மோதி விழுகிறான். உதடு கிழிந்து ரத்தம். போலீஸ் வருகிறது. ரத்தம் யார் முகத்தில் இருக்கிறதோ அவன் பக்கம் நியாயம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஊழியருக்குக் கைவிலங்கு.

இவை அத்தனையையும் கௌரிசங்கர் கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்திருக்கிறார். அடி விழுந்த சத்தத்தைத் தொடையில் தட்டிக் காட்டுவார். ஊழியரின் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்ததையும், போலீஸ்காரர் அதைத் தெரியாமல் மிதித்ததையும்கூடச் சொல்வார். பிறகு கதையின் உச்சம்.

"போலீஸ் என் கதவைத் தட்டுறான். எதாவது பாத்தியான்னு கேக்கப் போறான். நான் என்ன பண்ணேன் தெரியுமா? ஓடிப்போய் பைப்பைத் திறந்து தலையை நனைச்சுக்கிட்டேன். இடுப்புல டவல். கதவைத் தொறந்து, 'சாரி ஆபீசர், ஐ வாஸ் இன் த ஷவர்'னேன். அவன் என்கிட்ட சாரி சொல்லிட்டுப் போயிட்டான்."

மேசை முழுக்கச் சிரிக்கும். அவர் ஊறுகாய் பாட்டிலை மூடி அதன் இடத்தில் வைப்பார்.

அவருடைய மகள் ஸ்ருதியின் பிறந்தநாள் விருந்தில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கும் சந்திரவதனா. இலங்கைத் தமிழ்ப்பெண், வேதவல்லியின் சிநேகிதி. வேதவல்லி கௌரிசங்கரின் மனைவி. சந்திரவதனா தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணா, அது எந்த ஹோட்டல்?" என்று கேட்டாள். அவர் பெருமையாகச் சொன்னார்.

"அந்தக் கிளீனர் நொயல். என்னோட மன்னாரில படிச்ச றோசலின்ர மனிசன். அவருக்கு இன்னும் கேஸ் நடக்குது. வேலையும் இல்லை. அந்தப் பக்கம் கமரா இல்லையாம், கண்ட ஆள் ஒருத்தரும் இல்லையாம்."

கௌரிசங்கர் கரண்டிகளை மெல்ல எடுத்துப் பாத்திரத்துக்குள் போட்டார். "நான் அவ்வளவு தெளிவா பாக்கலம்மா. அந்த ஓட்டையில எல்லாமே கோணலாத்தானே தெரியும்" என்றார்.

அடுத்த வாரமே நொயலின் மனைவி றோசலின் சிட்னியின் செவன் ஹில்ஸிலிருந்து கிளம்பி, சிட்னி பஸ்ஸில் மெல்பர்ன் வந்து இறங்கினாள். கௌரிசங்கர் வீட்டுக்குத் தனியாகப் போகத் தயங்கிய சந்திரவதனா, அதே தெருக்காரன் என்று என்னையும் கூட்டிக்கொண்டாள். றோசலின் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பயணத்தில் கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே பேசினாள்.

"அண்ணா, நாங்கள் இன்னும் பிரிட்ஜிங் விசாவில தற்காலிகமாத்தான் இருக்கிறம். குற்றம் எண்டு தீர்ப்பு வந்தால் விசாவுக்கும் பிரச்சினை வரலாம் எண்டு லோயர் சொல்லுறா. பிள்ளையள் இங்க பள்ளிக்கூடம் போகுதுகள். நீங்கள் கண்டதை மட்டும் சொன்னால் போதும். கூடச் சொல்ல வேண்டாம்."

கௌரிசங்கர் நெடுநேரம் தலையாட்டினார். அவரால் அழகாகத் தலையாட்ட முடியும். எதிரில் இருப்பவருக்குச் சம்மதம் போலவே இருக்கும்.

"பாரும்மா, எனக்கு உதவணும்னுதான் இருக்கு. ஆனா குளிச்சிட்டிருந்தேன்னு போலீஸ்ல சொல்லியாச்சு. இப்பப் போய் பாத்தேன்னா, அன்னிக்குச் சொன்னது பொய்னு ஆயிடும். பொய் சொல்றவன்னு பேர் எடுக்க என் மனசாட்சி இடம் குடுக்கல."

காபி கொண்டுவந்த வேதவல்லி தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "தலையை நனைச்சுக்கிட்டுப் போனேன்னு பர்த்டேல சொன்னீங்களே" என்றாள்.

"அது ஒரு சுவாரஸ்யத்துக்குச் சொல்றது வேதா."

வேலை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இல்லை. கம்பெனி அவரை அசைக்காது. நாட்டுக் குடியுரிமை வாங்கிப் பல வருஷம் ஆகிறது. நீதிமன்றத்துக்குப் போனால் ஒரு நாள் விடுப்பு போகும், அவ்வளவுதான். வாசல்வரை வந்து வழியனுப்பினார். நல்ல வக்கீலாகப் பார்த்து வைத்துக்கொள்ளும்படி புத்தி சொன்னார். பஸ்ஸில் சாப்பிட ஒரு பொட்டலம் முறுக்கு கொடுக்கச் சொன்னார். றோசலின் அதை வாங்கிக்கொண்டு, "போயிட்டு வாறன் அண்ணா" என்றாள். காரில் ஏறிய பிறகு சந்திரவதனாவிடம், "இந்த ஆளின்ர பேரை நொயலுக்குச் சொல்லாதே. அவர் உடைஞ்சு போவார்" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

நொயலைக் காப்பாற்றியது டப்போ என்ற தூரத்து ஊரிலிருந்து வந்து அதே மாடியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார மூதாட்டி. கண் ஆபரேஷனுக்காக சிட்னி வந்தவர். சத்தம் கேட்டுக் கதவை லேசாகத் திறந்தவர், ஒரு கண்ணில் கட்டோடு, மறு கண்ணால் முழுவதையும் பார்த்திருக்கிறார். பயந்து கதவைச் சாத்திக்கொண்டாராம். போலீஸ் தட்டியபோது கட்டுப் பிரிக்க மருத்துவமனைக்குக் கிளம்பிப் போயிருந்தார். வக்கீல் தேடிப் பிடித்துக் கேட்டதும், "என்னை ஏன் இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை?" என்று கடிந்துகொண்டு, பாதி நாள் ரயிலில் வந்து வாக்குமூலம் கொடுத்தார். போலீஸ் வழக்கைத் திரும்பப் பெற்றது. காணாமல் போன கடிகாரம் தடியனின் கால்சட்டைப் பையில் என்றோ கிடைத்துவிட்டதாம். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

செய்தி மல்கிரேவுக்கு வந்ததும் கௌரிசங்கரின் கதைக்கு ஒரு வால் முளைத்தது. 'நான் சாட்சி சொன்னேன்' என்று அவர் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. அவ்வளவு துணிச்சல் அவருக்கு ஆகாது. 'நான்' என்ற சொல்லை மட்டும் நைசாகக் கழற்றிவிட்டார். "நாம பாத்ததை நாம சொல்லலேன்னா யாரு சொல்வா சார்? அந்த மாடியில இருந்தவங்க சொன்னதாலதானே அந்த அப்பாவி வெளில வந்தான்." கேட்பவர்கள் அவரை மரியாதையோடு பார்ப்பார்கள். அவர் தண்ணீர் குடிப்பார்.

சந்திரவதனா புது வீடு குடிபுகுந்தபோது எங்களையெல்லாம் அழைத்திருந்தாள். கராஜில் பந்தி. சிட்னியிலிருந்து நொயல் குடும்பமும் வந்திருந்தது. நொயல் மெலிந்த மனிதர், புதுக் கண்ணாடி. வந்ததிலிருந்து உட்காரவில்லை, நாற்காலிகளைத் தூக்கிப் போடுவதும் ஐஸ் பெட்டியை நகர்த்துவதுமாக இருந்தார். மூலையில் ஒரு கூட்டத்துக்குக் கௌரிசங்கரின் கதை ஓடிக்கொண்டிருந்தது. நொயல் கையில் நாற்காலியோடு நின்று கேட்டார்.

"அண்ணை, நீங்களும் அண்டைக்கு அந்த ஹோட்டல்ல நிண்டனீங்களோ?"

கௌரிசங்கர் ஒரு கணம் திகைத்தார். அந்தக் கண்ணாடித் துளை இல்லாமல் இப்படி நேருக்கு நேர் நொயலைப் பார்த்ததில்லை அல்லவா. பிறகு புரிந்துகொண்டார். "நீங்கதானா தம்பி அது? ஆமா. எதிர் ரூம்."

"நான் ஒருத்தரையும் காணேல்ல. கதவெல்லாம் பூட்டித்தான் கிடந்தது. ஒருத்தரும் பார்க்கேல்லையே எண்டு அழுதனான்."

"உள்ளேருந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன் தம்பி. மனசு பதறிடுச்சு."

நொயல் நாற்காலியை வைத்துவிட்டு அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். வடைத் தட்டோடு வந்த சந்திரவதனா வாய் திறந்தாள். பின்னால் வந்த றோசலின் அவளுடைய முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள்.

கௌரிசங்கர் தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு பையிலிருந்து போனை எடுத்தார். வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி திரும்பி நின்று, நொயலின் கழுத்தைச் சுற்றிக் கைபோட்டு இழுத்து அணைத்து, போனை உயர்த்திப் பிடித்தார். "கொஞ்சம் சிரிங்க தம்பி" என்றார்.