ஒன்றை மட்டும் கொல்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குக் கொலைகாரி என்றே பெயர். பல இயந்திரங்கள் சேர்ந்த ராட்சசக் கணினி ஒன்று மும்முரமாகக் கணக்குகளைச் சேமித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தைப் பிடுங்கி அதைச் சாகடிப்பதும், மறுபடி உயிர் கொடுத்து, சேமித்தது உருப்படியாக இருக்கிறதா என்று பார்ப்பதும்தான் அவள் வேலை. சம்பளத்துக்குச் செய்கிறவள் மாதிரியே இருக்காது. "செத்துத் தொலை!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்குவாள். பக்கத்து நாற்காலிக்காரனான எனக்குக் குலை நடுங்கும்.

காரணம் அவள் தம்பி. கொதிகலன் தொழிற்சாலையில் வெல்டர். கலன் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று சொல்லும் கணினி ஒருமுறை நடுவில் படுத்து எழுந்து, பழைய கணக்கையே புதியது என்று நீட்டியது. கலன் வெடித்தது. செத்த இரண்டு பேரைத் துடைப்பத்தால் கூட்டித்தான் அள்ளினார்கள். தம்பிக்குப் பாதி முகம் வெந்துபோனது. இப்போது அதே தொழிற்சாலைக்கு எங்கள் புதுச் சேமிப்பகமான இந்த ராட்சசக் கணினி போகிறது. அவனும் மறுபடி அந்தக் கலன் பக்கத்தில்தான் நிற்கப் போகிறான்.

"மெயினை எத்தனை தடவ ஆஃப் பண்ணிப் பாத்தாச்சு! ஒண்ணும் ஆகல. அனுப்பிடலாம்மா," என்றார் மேலாளர்.

"மெயினை நிறுத்தினா எல்லா மெஷினும் ஒண்ணாச் சாகுது சார். சாவு அப்படியா வரும்? அன்னைக்கு ரெண்டு பேர் செத்தாங்க. பக்கத்துல நின்ன என் தம்பி சாகல."

சொன்னவள் விறுவிறுவென்று இயந்திர அறைக்குள் போனாள். நாங்களும் பின்னாலேயே போனோம். அங்கே கோப்பின் பெயரையும் தேதியையும் ஒரு இயந்திரம் வைத்திருக்கும், உள்ளே இருக்கும் எண்களை இன்னொன்று. ஒரு கோப்பில் புதிய எண்களைச் சேமிக்கவிட்டு, நடுவிலேயே எண்கள் போகும் இயந்திரத்தின் வயரை மட்டும் வெறிகொண்டு பிடுங்கினாள். தகரம் கிழித்து உள்ளங்கையில் ரத்தம் கொட்டியது. துடைக்கக்கூட இல்லை. அதை மறுபடி எழுப்பிக் கோப்பைத் திறந்தாள். தேதி புதியது. எண்கள் பழையவை. திரையில் 'எல்லாம் சரி' என்று பச்சை எழுத்து வேறு.

மேலாளர் திரையைக் குனிந்து பார்த்தார். "இது... எப்பவாவது நடக்குறதும்மா."

அவர் சட்டையை ரத்தக் கையாலேயே கொத்தாகப் பிடித்து அவரைச் சுவரில் மோதவைத்தாள். "அந்த எப்பவாவதுதான் சார் என் தம்பி மூஞ்சி!"

விலக்கிவிட எனக்கு மனசு வரவில்லை. பிடி தளர்ந்ததும் அவரே தொழிற்சாலைக்குப் போன் போட்டு, இப்போதைக்கு அனுப்ப முடியாது என்றார்.

சாயங்காலம் அவளைக் கூட்டிப்போகத் தம்பி வந்தான். கட்டுப்போட்ட கையைப் பார்த்தான்.

"இன்னைக்கு எத்தனை கொலைக்கா?"

"ஒண்ணுதான்டா."

சிரிக்க வருகிற பாதி முகத்தால் அவன் சிரித்தான்.