எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து போன நாள்

எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தக்காளி வாங்கினாலும் தராசுத் தட்டின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுப்பேன். "உங்களுக்கு ஒரு போலீஸ் வேலை கிடைச்சிருக்கலாம்" என்பாள் என் மனைவி. கிடைத்ததோ சட்டசபையில் சுருக்கெழுத்து நிருபர் வேலை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கோட்டை ஸ்டேஷனில் இறங்குவேன். சபாநாயகருக்குக் கீழே ஒரு மேசை. அங்கே உட்கார்ந்து, உறுப்பினர்கள் பேசுவதையெல்லாம் எழுத வேண்டும். என் முறை முடிந்ததும் அடுத்தவர் வந்து உட்காருவார், நான் வெளியே போய் டைப் அடிப்பேன். காதில் விழுவது காகிதத்துக்குப் போய்விடும். கண்ணில் படுவது மட்டும் எனக்குள்ளேயே கிடந்து அரிக்கும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கிழக்குத் தாம்பரத்துக்கு அப்பால், ஏரிக்கு இந்தப் பக்கம் நாங்கள் கொஞ்சம் பேர் மனை வாங்கி வீடு கட்டியிருந்தோம். பள்ளிக்கூட வாத்தியார்கள், ரயில்வே குமாஸ்தாக்கள், ஒரு வீட்டில் மாதா படம், அடுத்த வீட்டில் முருகன் படம். என் வீட்டுத் தளத்தில் ஈரம்கூடக் காயவில்லை, தொழிற்பேட்டைக்காக எங்கள் மனைகளை எடுத்துக்கொள்ளப் போவதாக அரசாங்க நோட்டீஸ் வந்துவிட்டது. என் மனைவி தாலியைத் தவிர மற்ற நகையெல்லாம் அந்தச் சுவர்களுக்குள் போட்டிருந்தாள். அன்று இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

காலனிச் சங்கச் செயலாளர் ஒரு மிஷன் பள்ளி ஆசிரியர். ஆட்களைத் திரட்டிக்கொண்டு எதிர்க்கட்சித் தலைவர் வீட்டுக்குப் போனார். அரசு ஊழியனான நான் போகக் கூடாது, போகவில்லை. கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுத்து அமைச்சரை நிற்க வைத்துக் கேட்பதாகத் தலைவர் வாக்குக் கொடுத்தாராம். "அவர் எழுந்தா சபையே ஆடிப்போயிடும் சார்" என்றார் செயலாளர்.

அந்த ஆட்டத்தை நான் தினமும் பார்க்கிறவன். உள்ளே அமைச்சரைக் கிழி கிழி என்று கிழித்தவர், லாபியில் அதே அமைச்சரின் தட்டிலிருந்து வடையைப் பிய்த்துத் தின்பதையும் பார்த்தவன். சண்டை சபையோடு சரி, அதில் தப்பில்லை என்பார்கள். இருக்கலாம். ஆனால் பிள்ளையைக் கிள்ளிவிடும் கை எது, தொட்டிலை ஆட்டும் கை எது என்று அந்த லாபியில் நின்று யாராலும் சொல்ல முடியாது.

தீர்மானம் வர வேண்டிய நாளும் வந்தது. கேள்வி நேரம் முடிந்தபோது என் முறை. சபையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த இலாகாவைப் பற்றிப் பேச்சு வருகிறதோ அந்த இலாகா அதிகாரிகள் ஓரத்து இருக்கைகளில் முன்பே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அமைச்சர் தடுமாறினால் துண்டுச் சீட்டில் விவரம் எழுதி அனுப்ப வேண்டுமே. அன்று அந்த இருக்கைகள் காலி. பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் முன்னால் ஒரு காகிதம்கூட இல்லை. கேள்வி வராது என்று அவர்களுக்கு முன்பே தெரியும் போலிருந்தது. எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடிகள் கூட்டுக்குள் போயிருந்தன, துண்டுகள் தோளுக்கு ஏறியிருந்தன.

தலைவர் எழுந்தார். எங்கள் விஷயம் இல்லை, அரிசி. ரேஷன் அரிசி புழுத்துக் கிடக்கிறது, உடனே விவாதிக்க வேண்டும் என்றார். பிறகு பார்க்கலாம் என்றார் சபாநாயகர். மற்ற நாளாக இருந்தால் இதற்கு எவ்வளவோ நேரம் மல்லுக்கட்டியிருப்பார். அன்று ஒரே வாக்கியத்தில் கண்டனம் சொல்லிவிட்டு வெளியே நடந்தார், கட்சியும் பின்னாலேயே போனது. சபாநாயகர் கவன ஈர்ப்புக்கு அவர் பெயரைக் கூப்பிட்டார். கொடுத்தவர் இடத்தில் இல்லாவிட்டால் தீர்மானத்தை எடுக்க மாட்டார்கள். அடுத்த அலுவலுக்குப் போய்விட்டார்கள். நானும் அதை எழுதினேன்.

"நம்மள வித்துட்டான்" என்றேன் வீட்டுக்கு வந்து.

"அரிசி புழுத்திருந்தது நிஜம்தானே? நேத்து நானே ஒரு முறம் பொறுக்கிக் கொட்டினேன்" என்றாள் மனைவி.

அடுத்த மாதமே, எங்கள் மனைகளை விட்டுவிட்டதாக உத்தரவு வந்தது. வெட்கமில்லாமல் சுவரில் சாய்ந்து அழுதேன். செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை. "சபையில கேட்டிருந்தா அமைச்சர் முடியாதுன்னு சொல்லியிருப்பார். சொன்னதை அப்புறம் மாத்த முடியுமா? அதான் கேட்காமலே காரியத்தை முடிச்சிட்டார். என்ன மூளை சார்" என்றார். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் எதைக் கொடுத்து இதை வாங்கினார்? அந்தக் கேள்வி அழுகை நின்றதுமே என்னைப் பிடித்துக்கொண்டது.

ஒரு ஞாயிறு மாலை, பள்ளி மைதானத்தில் தலைவருக்குப் பாராட்டுக் கூட்டம். மாலை போட வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்க நம்ம சபை நிருபர் இல்ல? இங்கதான் வீடா? நிம்மதியா இருங்க."

காலி இருக்கைகளைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றுதான் மனசுக்குள் பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். "நன்றிங்க ஐயா" என்று கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

கூட்டத்தின் ஓரத்தில் எங்கள் பால்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். காலனி முழுக்க அவர் பால்தான்.

"சார், நீங்கதான அங்க குந்திகினு பேசறதெல்லாம் எழுதறீங்க?"

"ஆமா."

"எங்க ஊரப் பத்தி யாருனா இன்னாச்சும் பேசினாங்களா?"

"இல்ல."

"இவரு?"

மேடையில் கைதட்டல் எழுந்தது. அது அடங்கும்வரை நின்றேன்.

"இவரும் பேசல" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபம்கூட இல்லை. "மாடு மேயற மேய்க்கால் முழுக்கக் கல்லு நட்டுகினு கீறாங்க சார். தொழிற்பேட்டை இப்ப அங்க வருதாம். இந்த மாசத்தோட மாட்ட வித்துடறேன், பாலுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பினார்.